கிணற்றுத் தண்ணீரில் கரைந்த நீலம்

கடதாசியில் மருந்து பூசி, மேலே ஒரு பொருளைக் கிடத்தி, வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கும் முறைக்குப் பெயர் சயனோடைப். அப்படி நான் செய்த முதல் பதினொரு படங்களும் கழுவும்போதே போய்விட்டன. வெயிலிலிருந்து எடுத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மஞ்சட்பச்சைப் பூச்சு கறுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது; முருங்கையிலை கிடந்த இடம் மட்டும் மஞ்சளாய் நின்றது. பேசினில் தண்ணீர் விட்டு அலசியதும் நீலம் எழுந்து வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் நீலம் வெளிறத் தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் கடதாசியில் மிஞ்சியது துருப்பிடித்த தகரத்தின் நிறம்.

அது 2020 ஏப்ரல் முதல் வாரம். கொவிட் தொற்றால் மார்ச் 20 மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. யாழ்ப்பாணம் அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் ஒன்று. அதுவரை நான் செய்துவந்தது திரை அச்சும் செப்புத்தகட்டு அச்சும். இரண்டுக்கும் கொழும்பில் ஒரு நண்பரின் பட்டறையை நம்பியிருந்தேன். அச்சியந்திரம் அங்கே, மை அங்கே, நல்ல கடதாசி அங்கே, நான் இங்கே. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு மையும் கடதாசியும் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

வீட்டில் இருந்தவை இரண்டு பொதிகள். 2019இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவதற்காக வாங்கி, வகுப்பு நடக்காமல் அலுமாரியில் கிடந்தவை: பெரிக் அமோனியம் சித்திரேற்று 100 கிராம், பொற்றாசியம் பெரிசயனைட்டு 40 கிராம். சயனோடைப் செய்ய இவை இரண்டும் போதும். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைக் கடதாசிமேல் நேரடியாகக் கிடத்தி நீலப் படங்களாக்கத் தொடங்கினார். கமரா வேண்டாம், மின்சாரம் வேண்டாம், அச்சியந்திரம் வேண்டாம். வெயிலும் தண்ணீரும் வேண்டும். எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறையில்லை. கோளாறு தண்ணீரில் இருந்தது.

கரைசல் கலந்த கணக்கு இது. சித்திரேற்று 25 கிராமுக்குத் தண்ணீர் 100 மில்லிலீற்றர். பெரிசயனைட்டு 10 கிராமுக்குத் தண்ணீர் 100 மில்லிலீற்றர். இரண்டையும் தனித்தனிக் கபில நிறப் போத்தல்களில் வைத்தேன். பூசுவதற்குச் சற்று முன் சம அளவில் சேர்க்க வேண்டும். சேர்த்ததை அன்றே முடித்துவிட வேண்டும். ஏ4 அளவுத் தாளுக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் போனது. சித்திரேற்றுக் கரைசலில் சில வாரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். பயந்து ஊற்றிவிடாதீர்கள், துணியில் வடித்தால் வேலை செய்யும். பெரிசயனைட்டு என்ற பெயரில் சயனைட்டு இருப்பதால் அம்மா போத்தலைப் பார்த்துக் கலங்கிப்போனார். பெரிசயனைட்டில் அது இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. சாதாரணக் கையாளலில் பிரிந்து வராது. கடும் அமிலமும் சூடும் அதற்குக் கிட்டவே போகக் கூடாது. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கவில்லை. கையுறை போட்டேன். போத்தல்களைப் பூட்டி வைத்தேன்.

தண்ணீருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு விரலால் சுரண்டும் தடிப்பில் இருக்கிறது. அந்தக் கேத்திலைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் பொறி தட்டியது. வெயில் பட்ட இடத்தில் உண்டாகும் பிரஷ்ய நீலம் தண்ணீரில் கரையாது. சற்றே புளித்த தண்ணீரில் உறுதியாய் நிற்கும். சுண்ணாம்பு போன்ற காரத்தைக் கண்டால் சிதைந்து, இரும்பு துருவாகிப் பழுப்பாய்ப் படிந்துவிடும். நான் படங்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன்.

திருத்தம் எளிது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. முதற் கழுவல் அதில். வினாகிரி கிடைக்காத வாரங்களில் தேசிக்காய்ப் புளியை நன்றாக வடித்து விட்டேன். வடிக்காவிட்டால் சக்கை தாளில் ஒட்டிக் கறையாகும். இரண்டாம் கழுவலுக்கு ஓட்டுத் தாழ்வாரத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். மஞ்சள் முற்றாகப் போகும்வரை, ஏறக்குறைய ஐந்து நிமிடம். புளித் தண்ணீரில் கழுவியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. வெள்ளைக்கும் கருநீலத்துக்கும் நடுவில் முன்பு காணாத மென்மையான நிறப்படிகள் வந்தன. முழு நீலத்தை உடனே பார்க்க விரும்பினால், பாமசியில் விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு மூடி கடைசித் தண்ணீரில் விடலாம். அவசரமில்லையென்றால் ஒரு நாள் காற்றில் கிடந்தாலே அந்த நீலம் வந்துவிடும்.

கடதாசியிலும் அதே சிக்கல்தான். இப்போது வரும் எழுதுதாள்களிலும் நிழற்பிரதித் தாள்களிலும் வெண்மைக்காகக் கல்சியம் காபனேற்றுச் சேர்க்கிறார்கள். தாளே சுண்ணாம்பு சுமந்துகொண்டு வருகிறது. அப்படிப்பட்ட தாளைப் பூசுவதற்கு முன் சித்திரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, மழைத்தண்ணீரில் அலசி, காயவிட்டேன். சித்திரக் கொப்பித் தாள் அதிகம் தொல்லை தரவில்லை. எல்லாவற்றிலும் நன்றாக வந்தது அப்பாவின் லாச்சியில் கிடந்த பழைய கணக்குப் பேரேட்டின் வெற்றுப் பக்கங்கள்.

தூரிகையைப் பற்றிச் சுருக்கமாக. தகரப் பிடி போட்ட தூரிகையால் பூசிய தாள்களில் எல்லாம் கடுகளவு நீலப் புள்ளிகள் விழுந்தன. தகரத்திலிருந்து கசியும் இரும்பு பெரிசயனைட்டோடு சேர்ந்து தானே நீலமாகிறது. மரத்தாலான உடுப்புக் கிளிப்பில் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கவ்வக் கொடுத்துப் பூசினேன். புள்ளி ஒழிந்தது. அழுத்தச் சட்டத்துக்கு உடைந்த யன்னலின் கண்ணாடி, பின்னால் மட்டையும் ஒரு படை பஞ்சும், நாலு பக்கமும் கிளிப். மட்டமில்லாத பொருளை வைத்தாலும் பஞ்சு உள்வாங்கிக்கொண்டு தாளைக் கண்ணாடியோடு சேர்த்து அமத்தும்.

இதுவரை சொன்னது செய்முறை. எதைப் படமாக்குவது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இலையும் பூவும் பத்து நாளில் அலுத்துவிட்டன. வெளியில் மனிதர்கள் ஒருவரையொருவர் தொடப் பயந்துகொண்டிருந்தார்கள். என் கையில் இருந்ததோ தொட்டால்தான் விழும் படம். பொருள் தாளில் படிந்திருக்க வேண்டும். சற்று விலகினாலும் விளிம்பு கலங்கிவிடும். எந்தப் பொருளும் அதே அளவில்தான் பதியும், கூட்டவும் குறைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு அன்ரியோடு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கதைத்தபோது சொன்னேன்: "அன்ரி, உங்கட வீட்டிலை ஏதாவது ஒரு சாமான் தாங்கோ. மூண்டு நாள் வெளியிலை வைச்சிட்டு, நிழலை எடுத்துப்போட்டுத் திருப்பித் தாறன்."

அவர் ஒரு திறப்பைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனின் அறைத் திறப்பு. சித்திரைக்கு வருவதாக இருந்தவர், விமானம் இல்லை.

"கவனம் பிள்ளை. உதுக்கு வேறை திறப்பு இல்லை."

கொளுத்திய வெயிலில் எட்டு நிமிடம். திறப்பு வெண்மையாக, பல்வரிசை ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்தது. திறப்பையும் ஒரு பிரதியையும் மதிலில் வைத்தேன். மறுநாள் அன்ரி வீட்டு வாசலில் பிரதி ஒட்டப்பட்டிருந்தது. அந்த வாரமே ஒழுங்கையில் இருந்த ஏழு வீடுகளிலிருந்து பொருட்கள் வந்தன. முகக்கவசம் ஒன்று, ஒளி அதன் மடிப்புகளுக்குள்ளால் கசிந்து, மடிப்புக்கு மடிப்பு நீலம் மாறியது. ஒரு தாத்தாவின் பழைய கண்ணாடி. அதன் வில்லை ஒளியைக் குவித்ததால் நடுவில் கடும் நீலப் பொட்டு விழுந்தது. அவருடைய புதுக் கண்ணாடியோ வெள்ளையாகவே நின்றது. பிளாஸ்ரிக் வில்லை புறஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பொருளின் சொந்தக்காரர் யாரும் படத்தில் இல்லை. ஆனாலும் ஒழுங்கையில் உள்ளவர்கள் பார்த்தவுடனே இது இன்னார் என்று சொன்னார்கள்.

வீதியில் கிடக்கும் பொருளைக் கலைக்குள் எடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. சோதனைச்சாவடித் தகரப் பீப்பாய்களை 1997இல் ஓவியர் சந்திரகுப்த தேனுவர எடுத்துத் தன் வேலையாக்கினார். இடம்பெயர்ந்தவர்களின் வீட்டு வரைபடங்களை 2011இல் யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன் தொகுத்து 'முடிவுறாத தோம்பு' என்ற வேலையைச் செய்தார்; தோம்பு என்றால் காணிப் பதிவேடு. இந்த இரண்டையும் அந்த மாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

2020 டிசெம்பரில் துணிக்கு மாறினேன். கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று அரசு நின்றது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள்; கட்டியவை இரவோடிரவாக அகற்றப்பட்டன. அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. புதைப்பதற்கு இடம் கேட்டு இரந்து நிற்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும். விடிந்ததும் ஒன்றரை யார் வெள்ளைப் பருத்தி எடுத்தேன்.

துணியில் செய்வோர் கவனிக்க வேண்டியது: கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் இரண்டு தரம் அலசிக் கஞ்சியைப் போக்காவிட்டால் பூச்சு திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து இருட்டில் கொடியில் போட்டேன். தாளைவிடக் கரைசல் அதிகம் குடிக்கிறது, கையிருப்பில் பெரிய பங்கு அந்த ஒன்றரை யாருக்கே போயிற்று. மாரிக்காலம் வேறு, ஈரக்காற்றில் காயவே இல்லை. ஈரம் சுமந்த பூச்சு இருட்டிலேயே மெல்ல நீலமாகிவிடுகிறது. முதல் துணி அப்படிக் கெட்டது. இரண்டாவதை இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில் காயவைத்து, காலையில் வெயில் கண்ட கையோடு முற்றத்தில் விரித்தேன். ஒழுங்கைப் பெண்கள் ஆறு பேர் முகக்கவசத்தோடு தள்ளித்தள்ளி நின்று, ஒவ்வொருவராக வந்து துணியில் கை வைத்தார்கள். அந்த நேரத்து வெயிலுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் தேவைப்பட்டது. ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்ற இடமெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். அசையாமல் பன்னிரண்டு நிமிடம் கை வைப்பது கடினம். ஒரு கையின் பெருவிரல் மட்டும் இரட்டையாக விழுந்திருக்கிறது. அதை நான் திருத்தவில்லை.

2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். வாயிலில் மாணவர்கள் கூடினார்கள். 11ஆம் திகதி வடக்கு கிழக்கெங்கும் கதவடைப்பு. அன்றே மீளக் கட்ட அடிக்கல் வைக்கப்பட்டது, ஏப்ரலில் தூபி மறுபடி எழுந்தது. அந்த நாட்களில் கைபேசியால் எடுத்த படங்களைப் பலரும் அழித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நிற்கும் முகம் இங்கே பிறகு வீட்டுப் படலைக்கு விசாரணையாக வரும். என் வேலை எதற்குப் பயன்படும் என்று அப்போது எனக்குத் தெளிவாகியது. ஒரு கை, ஒரு செருப்பு, ஒரு தண்ணீர்ப் போத்தல், கதவடைப்பு நாளில் பூட்டிய பூட்டு. அங்கே ஒருவர் இருந்தார் என்று அவை சொல்லும், யார் என்று சொல்லா. தாள்களை ஏ4இன் கால்வாசிக்குக் குறைத்தேன். கொப்பிக்குள் அடங்கும், பஸ்ஸில் கொண்டுபோகலாம், கையிருப்புக் கரைசலும் நாலு மடங்கு நீளும்.

பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை மக்கள் நடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், பறிபோகும் நிலம், எரிக்கப்பட்ட உடல்கள் எல்லாம் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அந்த மாத இறுதியில்தான் புதைக்க அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்கத் தொடங்கினார்கள்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 வேறொரு பாடம். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு பதின்மூன்று மணிநேரம்வரை போனது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் வரிசைகளில் நின்ற முதியவர்கள் விழுந்து இறந்தார்கள். திரை அச்சுச் செய்யும் என் நண்பர்கள் ஒளியூட்டும் மேசைக்கு மின்சாரம் இல்லாமல் கைகட்டி இருந்தபோது என் வேலை மட்டும் நிற்கவில்லை. சயனோடைப் பூச்சு பெரும்பாலும் புறஊதாவுக்குத்தான் விழிக்கும்; மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி அதற்கு இருட்டு மாதிரி. மின்வெட்டு நேரத்தில் ஊரே எனக்கு இருட்டறை. அரிக்கன் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு இரவில் பூசுவேன், காலையில் வெயிலில் வைப்பேன். மண்ணெண்ணெய் கிடைக்காத இரவுகளில் மெழுகுதிரி.

வரைந்த கோட்டையும் எழுத்தையும் படமாக்க நெகரிவ் வேண்டும். ஒளிபுகு தாளும் இல்லை, அச்சுப்பொறிக்கு மையும் இல்லை. கொப்பித் தாளில் கறுப்புப் பேனையால் வரைந்து, பின்பக்கம் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவினேன். தாள் கண்ணாடி போல் ஒளி விடத் தொடங்கியது. மிச்ச எண்ணெயைப் பழைய பேப்பரில் ஒற்றி எடுக்க வேண்டும். நெகரிவுக்கும் பூசிய தாளுக்கும் நடுவில் மெல்லிய பொலித்தீன் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் படத்தில் ஊறிக் கறையாகும். எட்டு நிமிடம் என்பது இருபத்தைந்தாகும், அவ்வளவுதான். இந்த முறையில் வரிசை எண்களை எடுத்தேன். மண்ணெண்ணெய் வரிசையில் அன்ரிக்குக் கிடைத்த துண்டு, எண் 214. வியாழக்கிழமை அதைக் காட்டினால்தான் எண்ணெய், ஆகவே புதன்கிழமை பின்னேரத்துக்குள் அதை எழுதிப் பிரதியெடுத்து, மூலத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். எரிவாயு சிலிண்டரின் வால்வு மூடி, கானின் மூடி, எரிந்து முடிந்த மெழுகுதிரியின் அடி. மெழுகு மெல்லியதாக இருந்த விளிம்பில் ஒளி ஊடுருவி வெளிர்நீலமாய் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டக்காரரின் கூடாரங்கள் எழுந்தன. நூலகம் வந்தது, திரையிடல் வந்தது, ஓவியங்களும் பதாகைகளும் வந்தன. இங்கே பலரும் தயங்கித்தான் பார்த்தார்கள். எரிவாயு இல்லாததற்கு எழுந்த நாடு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கும் தாய்மாருக்காக ஏன் எழவில்லை என்ற கேள்வியை நானும் கேட்டேன். அந்தத் தாய்மாரின் போராட்டத்தை நோய்த்தொற்றும் முடித்துவைக்கவில்லை. ஆனால் மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்தார்கள். அங்கே கஞ்சி குடித்த காகிதக் கோப்பை ஒன்றை, அங்கு போன ஒரு தோழி கொப்பிக்குள் தட்டையாக்கிக் கொண்டுவந்தாள். அதை வைத்துப் படமெடுக்க முப்பது நிமிடம் ஆனது. கோப்பையின் இரட்டைப் படை உள்ள இடம் வெள்ளை, ஒற்றைப் படை வெளிர்நீலம், வாய் விளிம்பு ஒரு வளையம். அந்தப் படத்தைச் சாயத்தண்ணீரில் போட்டேன். கொதித்துச் சிவந்த தேயிலைச் சாயத்தில் ஒரு மணிநேரம் ஊறினால் நீலம் கறுப்பை நோக்கிப் போகும். முன்னதாகச் சலவைச் சோடாத் தண்ணீரில் சில விநாடி காட்டினால் இன்னும் ஆழமாகும். காரத்தை இப்போது வேண்டுமென்றே, கைக்கணக்கில் சேர்க்கிறேன்.

ஜூலை 9 அன்று சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்ததை உலகமே கைபேசியில் பார்த்தது. பிறகு அதே படங்களில் இருந்து முகங்களை வெட்டியெடுத்து, அடையாளம் காட்டும்படி பொதுமக்களைப் பொலிஸ் கேட்டது. அந்த நாளை முழுமையாகக் காட்டியவை அந்த முகப் படங்கள்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றை எடுத்தவர்களும் அவற்றில் நின்றவர்களும் கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்பதால் என் தாள்களில் முகம் வராது.

கைகள் பதிந்த துணியை அந்த ஆண்டு மே மாதம் முழுவதும் விறாந்தை யன்னலில் தொங்கவிட்டிருந்தேன். தினமும் பட்ட வெயிலில் நீலம் சாம்பலாக வெளிறியது. அதற்குள் ஒரு நாள் திண்ணை கழுவும்போது சவர்க்காரத் தூள் கலந்த தண்ணீர் கீழ் ஓரத்தில் தெறித்துவிட்டது. தூளில் காரம், தெறித்த இடமெல்லாம் மஞ்சள் பொட்டு. துணியைக் கழற்றி, வினாகிரித் தண்ணீரில் அலசி, காயவிட்டு, அலுமாரியில் மடித்து வைத்தேன். வெயிலில் வெளிறிய பிரஷ்ய நீலம் இருட்டில் காற்றுப் பட்டால் திரும்பும் என்று படித்திருந்தேன், நம்பிக்கையில்லாமல்தான் வைத்தேன். நான்காம் நாள் விரித்தபோது ஆறு கைகளைச் சுற்றியும் நீலம் வந்திருந்தது. இரட்டைப் பெருவிரல் பழையபடி தெரிந்தது. கீழ் ஓரத்துப் பொட்டுகள் மட்டும் மஞ்சளாகவே இருக்கின்றன.